பழைய அம்பாசடரில் புரோகிராமபிள் இக்னிஷன்: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புகார் பழக்கமானது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஐடிலிங்கில் உதறும், ஏற்றத்தில் பிக்கப் இருக்காது. மெக்கானிக் சிபி பாயிண்டை (ஸ்பார்க் வர மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகளை) எமரி பேப்பரால் தேய்த்து, கேப் (இடைவெளி) வைத்துக் கொடுப்பார். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அப்புறம் பழைய கதைதான்.

மெக்கானிக் மேல் தப்பு இல்லை. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சின்ன ஃபைபர் குதிகால் தேயத் தேய கேப் குறைகிறது. கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும்; ஸ்பார்க்கும் தாமதமாக வரும். அதோடு, டெல்கோவுக்குள் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, முன்னே தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் பல வருஷம் ஓடித் தளர்ந்திருக்கும். இந்த இரண்டு வேலையையும் எலக்ட்ரானிக்ஸிடம் கொடுத்து, எந்த வேகத்தில் எத்தனை டிகிரி அட்வான்ஸ் வேண்டும் என்பதை நாமே போனில் எழுதிக் கொடுப்பதுதான் புரோகிராமபிள் இக்னிஷன்.

1990களில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசடருக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. இங்கே சொல்வது பழைய பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜினுக்கு மட்டும்.

அட்வான்ஸ் எதற்கு?

இது புரியாமல் கீழே உள்ள எண்களைத் தொடாதீர்கள். பிளக்கில் ஸ்பார்க் விழுந்ததும் பெட்ரோல் கலவை அந்தக் கணமே எரிந்துவிடுவதில்லை. தீ பரவி அழுத்தம் ஏற ஏறத்தாழ 2 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 ஆர்பிஎம்மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 9.6 டிகிரி சுற்றும். 3000 ஆர்பிஎம்மில் 36 டிகிரி சுற்றிவிடும். பிஸ்டன் மேலே வந்து திரும்பிய கொஞ்ச தூரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால், வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவையின் சுழற்சியும் கூடித் தீ சீக்கிரம் பரவுவதால், முழு 36 டிகிரி தேவைப்படாது. 30, 32 டிகிரியோடு நின்றுவிடும்.

ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்து நிதானமாக ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். அப்போது இன்னும் சில டிகிரி கூடுதலாக வேண்டும். பழைய டெல்கோவின் பக்கத்தில் தட்டையாக ஒட்டியிருக்கும் வேக்கம் யூனிட் செய்தது இதைத்தான்.

வாங்குவதற்கு முன்

முதலில் இன்ஜினைப் பாருங்கள். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒத்துப்போகிறதா, டேப்பெட் கிளியரன்ஸ் சரியா, கார்புரேட்டர் கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். வால்வு கசியும் இன்ஜினில் விலை உயர்ந்த இக்னிஷன் போட்டுப் பயனில்லை. பெட்ரோல் ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி வெடித்துக் கசியும், கசிகிற இடம் பெரும்பாலும் சூடான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்து எர்த். மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கலாம். பெரும்பாலான எலக்ட்ரானிக் யூனிட்டுகள் நெகட்டிவ் எர்த்துக்கானவை. மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

யூனிட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒரு பல் இல்லாத சக்கரம் பொருத்தி, சென்சார் வைத்து, டெல்கோவையே தூக்கிவிடுவது. துல்லியத்தில் அதுதான் மேல். ஆனால் பிராக்கெட் செய்ய வேண்டும், சக்கரம் கோணாமல் நிற்க லேத் வேலை வேண்டும். இரண்டாவது, பழைய டெல்கோ இருந்த ஓட்டையிலேயே உட்காரும் புரோகிராமபிள் டெல்கோ. நெதர்லாந்தில் தயாராகும் 123 இக்னிஷனின் புளூடூத் மாடல் இந்த வகை. முதல் முறை செய்பவர் இரண்டாவதையே எடுங்கள். பிடிக்காவிட்டால் ஒரே மதியத்தில் பழையபடி மாற்றிவிடலாம்.

1955இல் வந்த எம்ஜி ஏ காரின் 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பம். அதனால் பி-சீரிஸ் நான்கு சிலிண்டருக்கான மாடல் என்று கேட்டால் விற்பவருக்குப் புரியும். ஆனால் பணம் கட்டும் முன் உங்கள் பழைய டெல்கோவைக் கழற்றி, அடிப்பகுதியின் விட்டத்தையும் ஷாஃப்ட் முனையின் கொண்டியையும் அளந்து ஒப்பிடுங்கள். இத்தனை வருஷத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்பது வண்டிக்கு வண்டி வேறு.

கூடவே வாங்க வேண்டியவை: ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் வயர்கள், புதிய பிளக்குகள், டைமிங் லைட், மல்டிமீட்டர். வெறும் செம்புக் கம்பி உள்ள பழைய பிளக் வயர்களை விட்டுவைக்காதீர்கள். அவை கிளப்பும் மின் இரைச்சலில் எலக்ட்ரானிக்ஸ் குழம்பும், இன்ஜின் காரணமில்லாமல் மிஸ் ஆகும்.

இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) வயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 3 ஓம் பக்கம் காட்டினால் சாதாரண 12 வோல்ட் காயில், வைத்துக்கொள்ளலாம். 1.5 ஓம் பக்கம் காட்டினால் அது பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) ஓட வேண்டிய காயில். யூனிட்டோடு வந்த தாளில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

டிடிசியைக் கண்டுபிடிப்பது

முழு வேலையிலும் அவசரப்படக் கூடாத இடம் இது. முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளிதான் டிடிசி. எல்லா டிகிரிக்கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இது 5 டிகிரி தப்பினால் போனில் எழுதும் ஒவ்வொரு எண்ணும் 5 டிகிரி தப்பு.

புல்லியில் ஒரு வெட்டும், டைமிங் கவரில் அதற்கான முனைகளும் இருக்கும். அவற்றை அப்படியே நம்பாதீர்கள். புல்லி மாறியிருக்கலாம், கவர் மாறியிருக்கலாம்.

பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, நடுவில் மழுங்கிய முனையுள்ள போல்ட்டைப் பொருத்தினால் பிஸ்டன் ஸ்டாப் தயார். லேத் கடையில் சொன்னால் செய்து தருவார்கள். அதை முதல் சிலிண்டரில் மாட்டுங்கள். இப்போது ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு மெதுவாக, கையால் மட்டும் சுற்றுங்கள். பிஸ்டன் போல்ட்டில் மெல்ல முட்டி நிற்கும். கவரின் பெரிய முனைக்கு நேராகப் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு. இனி எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஹேண்டில் ஒரு பக்கம்தான் பிடிக்கும் என்பதால், வண்டியை டாப் கியரில் போட்டு ஒருவரைப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். மறுபடி முட்டும், இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில் இருப்பதுதான் உண்மையான டிடிசி. புல்லியின் வெட்டு அங்கேயே இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீங்கள் கண்டுபிடித்த இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் மெல்லிய கோடு போட்டு, இனி அதையே நம்புங்கள். ஸ்டாப்பை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

முதல் சிலிண்டர் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு சுற்றினால், கம்ப்ரஷன் வரும்போது காற்று விரலைத் தள்ளும். அந்தச் சுற்றில் டிடிசிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். டெல்கோவின் மூடியைத் திறந்து, ரோட்டார் (உள்ளே சுற்றி ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு) எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த வயர் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயர் வரிசை 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

கிளாம்ப் தளர்ந்ததும் டெல்கோ மேலே வந்துவிடும். அடியில் உள்ள கொண்டி நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும், அதனால் புதியதும் ஒரே நிலையில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ரோட்டாரை அரைச் சுற்று திருப்பினால் இறங்கிவிடும்.

வயரிங் சின்ன வேலைதான். ஒரு வயர் சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டுக்கு, ஒன்று காயிலின் நெகட்டிவுக்கு, ஒன்று எர்த்துக்கு. நிறங்கள் யூனிட்டின் தாளில் உள்ளபடி. பழைய காயிலில் கூட்டல் கழித்தல் குறிக்குப் பதிலாக எஸ்டபிள்யூ, சிபி என்று பொறித்திருந்தால், சுவிட்சிலிருந்து வருவது எஸ்டபிள்யூ. எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள். வேக்கம் ஹோஸைத் தாளில் சொன்ன இடத்தில் மாட்டுங்கள்.

பேட்டரியை இணைத்து, இன்ஜின் டிடிசியில் நிற்கும்போதே சாவியைப் போட்டு, டெல்கோவின் உடலை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே எல்இடி எரியும் புள்ளியில் நிறுத்திக் கிளாம்பை லேசாக இறுக்குங்கள். பெரும்பாலான யூனிட்டுகளுக்கு டிடிசிதான் ஆதாரப் புள்ளி. உங்கள் தாள் வேறு டிகிரி சொன்னால் அதையே கேளுங்கள். ரோட்டார் இப்போது எந்த முனையைப் பார்க்கிறதோ அதுதான் முதல் சிலிண்டர் வயருக்கு.

மேப் எழுதுவது

பழைய சர்வீஸ் புத்தகத்தின் டெல்கோ எண்களைப் பார்த்து எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவை பெரும்பாலும் டெல்கோவின் டிகிரி, டெல்கோவின் வேகம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டெல்கோ ஒரு சுற்று. புத்தகத்தில் 1500க்கு 10 டிகிரி என்றிருந்தால், கிராங்க் கணக்கில் 3000க்கு 20 டிகிரி. அதோடு நிலை டைமிங்கையும் (இன்ஜின் நிற்கும்போது டெல்கோவில் வைக்கும் டிகிரி) கூட்ட வேண்டும்.

நான் சொல்லும் தொடக்க மேப் (எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரி என்ற அட்டவணை) இது. எல்லாம் கிராங்க் கணக்கு. வேண்டுமென்றே அடக்கமாக வைத்திருக்கிறேன்.

500 ஆர்பிஎம்: 8 டிகிரி
800: 10
1500: 16
2000: 21
2500: 25
3000: 28
3500க்கு மேல்: 30

வேக்கம் மேப்பை, இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை வைத்து, கிலோபாஸ்கலில் எழுதுவீர்கள். 100இல் கூடுதல் அட்வான்ஸ் 0, 80இல் 2, 60இல் 6, 45இல் 10. அதற்குக் கீழே மறுபடி குறைத்து 30இல் 0. சென்னையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் அழுத்தம் 100க்குப் பக்கம் இருக்கும், கூடுதல் எதுவும் வராது. ஊட்டியில் காற்றழுத்தமே 77 கிலோபாஸ்கல் அளவில்தான். அங்கே முழுவதும் மிதித்தாலும் இந்த மேப் 2 டிகிரிக்கு மேல் தானாகவே கூட்டிக் கொடுக்கும். மெல்லிய காற்றில் கலவை மெதுவாக எரிவதால் அங்கே இன்ஜினுக்குத் தேவையும் அதுதான். ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் வைத்து இதை இவ்வளவு விருப்பப்படி அமைக்க முடியாது. எனக்கு இந்த மாற்றத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ரெவ் லிமிட்டை 4800இல் வையுங்கள். இந்த இன்ஜினுக்கு அதற்கு மேல் வேலை இல்லை.

முதல் ஸ்டார்ட்

வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் வேண்டாம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் வயர்களைக் கையால் பிடிக்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பானெட் பக்கமே வர வேண்டாம்.

ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். வேக்கம் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, டைமிங் லைட்டை முதல் பிளக் வயரில் மாட்டுங்கள். போனில் 10 டிகிரி காட்டும்போது புல்லியிலும் 10 டிகிரி தெரிய வேண்டும். 14 தெரிந்தால் மேப்பைத் திருத்தாதீர்கள். டெல்கோவின் உடலைத் துளி திருப்பி, இரண்டும் ஒத்துவரும் இடத்தில் கிளாம்பை இறுக்குங்கள். 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி இன்னொரு முறை பாருங்கள், அங்கே 25 வர வேண்டும். இது ஒத்துவந்த பிறகு டெல்கோவைக் கையால் தொடத் தேவையில்லை. அப்புறம் ஹோஸை மாட்டி, ஐடிலையும் கார்புரேட்டர் கலவையையும் சரி செய்யுங்கள். டைமிங் நிலையானதும் ஐடில் வேகம் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

ரோட்டில்

இன்ஜின் நன்றாகச் சூடான பின், போக்குவரத்து இல்லாத நேரம் ஒரு மேம்பால ஏற்றத்துக்குப் போங்கள். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழுவதும் மிதித்துக் கேளுங்கள். சில்லறையைத் தகர டப்பாவில் குலுக்கினதுபோல் சத்தம் வந்தால் அது நாக்கிங். உடனே காலை எடுத்துவிடுங்கள். சத்தம் வந்த ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் 2 டிகிரி குறையுங்கள். சத்தம் இல்லை என்றால் 1 டிகிரி கூட்டி மறுபடி ஏற்றத்துக்குப் போங்கள். இழுவை கூடாத இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2 டிகிரி பின்வாங்குங்கள். போனைக் கூட வருபவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

முழு மிதியில் சரியாக இருந்து, சமவெளியில் நிதானமாக ஓட்டும்போது மட்டும் உதறினால் வேக்கம் மேப்பில் கை வையுங்கள், ஆர்பிஎம் மேப்பில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

குதிரைத்திறன் பெரிதாக ஏறிவிடும் என்று எதிர்பார்த்து இதைச் செய்யாதீர்கள். கிடைப்பது ஒரே இழுப்பில் ஸ்டார்ட், ஆடாத ஐடில், ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் போகும் நிதானம். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதுவே பெரிய விஷயம்.

டெல்கோ மூடியும் ரோட்டாரும் மட்டும் இன்னும் தேயும் பொருள்கள். பிளக் மாற்றும்போது அவற்றையும் பாருங்கள். முடிவு செய்த மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு ஒரு தாளிலும் எழுதி ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். போன் மாறும், தொலையும். பழைய டெல்கோவை பாயிண்ட் கேப் 0.38 மில்லிமீட்டர் வைத்து, கண்டென்சரோடும் மூடியோடும் துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். தொலைவில் எங்காவது யூனிட் மக்கர் செய்தால், அந்த ஊர் மெக்கானிக்குக்கு அதை மாட்டத் தெரியும்.