போன் பழுதானதும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்: பலரும் செய்யும் தவறுகள்

போனில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் பலர் முதலில் ஆன்லைனில் ஒரு புது சார்ஜரை ஆர்டர் போடுகிறார்கள். அது வந்த பிறகும் ஏறாது. அடுத்து கேபிள் வாங்குவார்கள், அதுவும் சரிப்படாது. கடைசியில் போனையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். சார்ஜிங் போர்ட்டுக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்திருந்தால், சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் உள்ளே அழுந்திக் கிடப்பது தெரிந்திருக்கும். பழுதைவிட, என்ன பழுது என்று தெரியாமலே பொருள் வாங்குவதுதான் அதிகம் செலவு வைக்கிறது.

இந்த அடைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. கேபிளின் முனை முன்புபோல முழுதாக உள்ளே உட்காராது, கொஞ்சம் வெளியே நிற்கும். லேசாக அசைத்தால் சார்ஜ் வந்து வந்து போகும். போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். டைப்-சி போர்ட்டின் நடுவில் மெல்லிய நாக்கு போன்ற ஒரு பகுதி இருக்கும். மின்சாரம் பாயும் தொடுமுனைகள் அதன் மேல்தான் இருக்கின்றன. உலோகம் பட்டால் அவை வளையலாம், ஷார்ட் ஆகலாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிச் செய்ய வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. அரிசியின் சிறு துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்பது அது சொல்லும் காரணம். அரிசியைவிடப் பெரிய தவறு, "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று பவர் பட்டனை அழுத்துவதும் சார்ஜில் போடுவதும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளோடு மின்சாரமும் சேரும்போது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு அரிக்கத் தொடங்குகிறது. வெளியே காய்ந்துவிட்டது, போனும் வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருப்போம். சில வாரங்கள் கழித்து திடீரென்று செத்துவிடும். உடனே அணைத்து, ஈரத்தைத் துடைத்து, கூடிய சீக்கிரம் திறந்து சுத்தம் செய்யக் கொடுப்பதே நல்லது. தண்ணீரையும் தூசியையும் தாங்கும் தரக்குறியீடான ஐபி68 பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சோதனை புதுப் போனுக்கு, நல்ல தண்ணீரில் நடத்துவது. சோப்புத் தண்ணீருக்கும் கடல் நீருக்கும் அது உத்தரவாதம் இல்லை. தண்ணீரைத் தடுக்கும் ரப்பரும் பசையும் நாளாக நாளாகத் தளரும். ஒருமுறை திறந்த போனில் புதுப் பசை ஒட்டாமல் மூடியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேட்டரி. லித்தியம்-அயன் பேட்டரி தேயத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகும் (மொத்தமாக 100 சதவீத சார்ஜ் செலவானால் ஒரு சுழற்சி), 15 முதல் 1,000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துவது சூடு. தடிமனான கவரோடு சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் விளையாடுவது, வெயிலில் நிற்கும் காரில் போனை விட்டுப் போவது, நாள் முழுக்க 100 சதவீதத்திலேயே வைத்திருப்பது எல்லாம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ, டிஸ்ப்ளேயின் ஓரம் பிரிந்து வெளிச்சம் கசிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வாயு சேர்ந்திருக்கும். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். 2016-ல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போன்களை மொத்தமாகத் திரும்பப் பெற்று, அந்த மாடலையே நிறுத்தியதற்குக் காரணம் தீப்பிடித்த பேட்டரிகள்தான்.

மாற்று பேட்டரி வாங்கும்போது, அதே அளவு பேட்டரிக்கு நிறுவனம் சொல்வதைவிட மிக அதிகமான எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்) எழுதியிருந்தால் வாங்காதீர்கள். தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள், ஏனென்றால் பயன்படுத்தாமல் கிடந்தாலும் பேட்டரி மூப்படையும்.

பவர் பேங்க் விஷயத்தில் இந்த எண் மோசடி இன்னும் வெளிப்படை. 50,000 எம்ஏஎச் என்று போட்டு, கையடக்கமாக 200 கிராமில் ஒன்றை விற்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 50,000 எம்ஏஎச் என்பது 50 ஆம்ப்-அவர், அதை 3.7-ஆல் பெருக்கினால் 185 வாட்-அவர், அதாவது அதற்குள் அடங்க வேண்டிய மின்னாற்றல். நல்ல லித்தியம்-அயன் செல்கள் கிலோவுக்குச் சுமார் 250 வாட்-அவர் கொள்ளும். அப்படியானால் செல்கள் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்க வேண்டும். 200 கிராமில் அது சாத்தியமே இல்லை. ரிவ்யூ படிப்பதற்கு முன் எடையைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், எடையில் பொய் சொல்வது கடினம். உண்மையான 10,000 எம்ஏஎச் பவர் பேங்கிலும் 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது கணக்கு 7,400 ஆகிவிடும். மாற்றத்தில் வீணாவதும் போக இன்னும் குறைவாகத்தான் போனுக்குக் கிடைக்கும். அது ஏமாற்று இல்லை, இயல்பு.

மலிவுக் கேபிளையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் ஆன்லைனில் விற்கும் டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து வந்தார். 2016-ல் ஒரு கேபிளைச் செருகியதும் அவருடைய மடிக்கணினி சேதமானது. அந்தக் கேபிளுக்குள் மின்சாரம் வரும் கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. வெளித்தோற்றத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் பெயர் தெரிந்த, முகவரி தெரிந்த பிராண்டில் வாங்குங்கள்.

டிஸ்ப்ளே உடைந்தால், உடைந்தது மேல் கண்ணாடி மட்டுமா, உள்ளே படம் காட்டும் பேனலுமா என்று முதலில் பாருங்கள். படம் தெளிவாக, கோடில்லாமல் வந்து டச்சும் வேலை செய்தால் பேனல் தப்பித்திருக்க வாய்ப்புண்டு. மாற்றக் கொடுத்தால் என்ன பேனல் போடுகிறார்கள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஓஎல்இடி பேனல் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) இருந்த போனில் விலை குறைவு என்று எல்சிடி (பின்னால் இருக்கும் விளக்கால் தெரியும் வகை) போட்டுத் தருவது சகஜம். கருப்பு சாம்பல் நிறமாகத் தெரியும், டிஸ்ப்ளேக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போகும். ஐபோன் 11 முதல், வெளியார் டிஸ்ப்ளே போட்டால் செட்டிங்ஸிலேயே அது காட்டிக்கொடுக்கும். கொடுப்பதற்கு முன் பேக்கப் எடுங்கள். சாம்சங், பிக்சல் போன்ற சில போன்களில் பழுதுபார்ப்பவருக்கு உங்கள் படங்களும் செய்திகளும் தெரியாமல் மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள். லாக் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் எனக்குச் சரியாகவே படவில்லை.

பழைய போனை ஆன்லைனில் வாங்குபவர்கள் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒப்பிடுங்கள். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு போனில் பூட்டியிருந்தால், ரீசெட் செய்த பிறகும் அவருடைய பாஸ்வேர்ட் கேட்கும். "அப்புறம் எடுத்துத் தருகிறேன்" என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் தளத்தின் பெயரை நம்பி விற்பவரின் பெயரைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. பெரிய தளங்களிலும் பெரும்பாலும் விற்பது வெளியார்தான். நட்சத்திரங்களை எண்ணாமல், அண்மையில் வந்த மோசமான ரிவ்யூக்களைப் படியுங்கள். ரிவ்யூ இந்தப் பொருளைப் பற்றியதுதானா என்றும் பாருங்கள். வேறு பொருளுக்கு வந்த பழைய பாராட்டுகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள், பின்னால் புகார் செய்ய வழியிருக்காது. "பார்சல் நின்றுவிட்டது, கட்டணம் கட்டுங்கள்" என்று வரும் லிங்க்கைத் தொடாமல், ஆர்டர் செய்த ஆப்பிலேயே போய்ப் பாருங்கள். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

பார்சல் வந்ததும் மேலே ஒட்டிய முகவரி தெரியும்படி வைத்து, பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் பேட்டரி, கேபிள், டிஸ்ப்ளே எதுவானாலும் பயன்படுத்திப் பார்த்துவிடுங்கள். எப்போதாவது தேவைப்படும் என்று அலமாரியில் பிரிக்காமல் வைத்தால், அது கோளாறு என்று தெரியவரும்போது திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டியிருக்கும்.