நம்ம வீட்டு ஆளுக்கு ஒப்பந்தக்காரர் எண் போடாதீர்கள்

போன வாரம் காரைக்குடியில் ஒரு பையன், கணக்கு வேலைக்குப் புதுசு, ஒரு ஓட்டலின் உத்யம் படிவத்தில், அதாவது சிறு, நடுத்தரத் தொழில்களைப் பதியும் அரசுப் படிவத்தில், அதன் பராமரிப்புப் பிரிவுக்கென்று தனியாக 81100 என்ற தொழில் எண்ணை நிரப்பிக்கொண்டிருந்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தப்பு. எண்ணை மாற்றி அடிப்பது, பழைய பட்டியலைப் பார்ப்பது மாதிரித் தப்பெல்லாம் தானாகவே சரியாகிவிடும், விடுங்கள். சரியாகாத தப்புகள் இவை.

சொந்தப் பிரிவை வெளி ஆளாக நினைப்பது

2008 தேசியத் தொழில் வகைப்பாட்டில் 81100 என்பது பெருக்குவது, காவல், வரவேற்பு, குப்பை அள்ளுவது, சில்லறை ரிப்பேர் என்று பலதையும் சேர்த்து இன்னொருவர் கட்டடத்தில் செய்து கொடுப்பவர்களுக்கு. 'இன்னொருவர்' என்ற சொல்லைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஓட்டல் சம்பளம் வாங்கி அந்த ஓட்டலையே பராமரிப்பவர்கள் செய்வது துணை வேலை. அதற்குத் தனி எண் கிடையாது, ஓட்டலின் 55101-க்குள் அடங்கிவிடும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல்லைத் துடைக்க, தேக்குத் தூணுக்கு எண்ணெய் போட, வளவு வாசலில் மழைத்தண்ணீர் அடைக்காமல் பார்க்க, ஓடு மாற்ற என்று முகப்பிலிருந்து பின்கட்டு வரை பதினாலு பேர். இத்தனை வேலையைப் பார்த்ததும் 81100 என்று எழுதினேன். அத்தோடு விட்டேனா, அந்தப் பிரிவு ஓட்டலுக்கு மாதாமாதம் பில் போடுவதுபோல லெட்ஜரும் எழுத வைத்தேன். ஒரே பான், ஒரே ஜிஎஸ்டி பதிவு, தனக்குத்தானே பில்! வருமானம் ஒரு பக்கம் ஊதிப்போய் நின்றது. கடன் கேட்ட இடத்தில் ரிட்டர்னையும் லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தச் சேவை வருமானம் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வைத்திருந்த பணம் அது. வீட்டு ஆச்சி திட்டக்கூட இல்லை. "நம்ம வீட்டு ஆளு நமக்கே வாடகைக்கு வந்தானாக்கும்" என்றார். இன்றைக்கும் அது காதில் குத்துகிறது.

சரி, அதே பதினாலு பேர் பக்கத்து வீடுகளையும் காசு வாங்கிப் பார்த்தால்? அப்போது 81100-ஐக் கூடுதல் தொழிலாகச் சேர்க்கலாம், முதன்மைத் தொழில் ஓட்டல்தான். அந்தப் பிரிவையே தனி நிறுவனமாகப் பதிந்துவிட்டால் கதை வேறு; தாய் நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்தாலும் அதற்கு 81100தான்.

ஒற்றை வேலைக்குக் கூட்டு எண்

81100 பல வேலையைச் சேர்த்துச் செய்பவருக்கு. ஒரே வேலை என்றால் அதற்கான எண். காவல் மட்டுமா, 80100. கட்டடம் பெருக்கித் துடைப்பது மட்டுமா, 81210.

முழு ஓட்டலையும் நடத்துபவரை 81100-இல் சேர்ப்பது

பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள், வீட்டை ஒருவரிடம் ஓட்டலாக நடத்தக் கொடுத்திருப்பார்கள். ரூம் கொடுப்பது, சமையல், ஆள் வைப்பது எல்லாமே அவர் என்றால் அவர் ஓட்டல்காரர். 55101.

ஐஎஸ்ஓ சான்றிதழைக் காட்டுவது

2018-இல் வந்த ஐஎஸ்ஓ 41001 என்ற கட்டடப் பராமரிப்பு நிர்வாகத் தரச் சான்றைச் சொந்தப் பிரிவும் வாங்கலாம், ஒப்பந்தக்காரரும் வாங்கலாம். எண் மாறாது.