தோடர்களைப் பற்றி எழுதும் முன்: பார்த்தவர் யார், பார்த்தது எப்போது?

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களைப் பற்றிய கட்டுரையில், ‘தோடர்களிடம் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கிறார்கள்’ என்று எழுதி, மூன்று சான்றுகளும் காட்டியிருந்தேன். அசடு வழிந்ததுதான் மிச்சம். உங்களுக்கு அது நேராமலிருக்க இந்தக் குறிப்பு.

முதலில், அச்சான ஆண்டை ஒதுக்கிவிட்டு, நேரில் பார்த்த ஆண்டைத் தேடுங்கள். மொழியியலாளர் எமனோ தொகுத்த தோடர் பாடல்கள் வெளிவந்தது 1971இல். அவர் கள ஆய்வு செய்தது 1935–38இல்.

அடுத்து, யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று பின்னோக்கிப் போங்கள். நான் கவிழ்ந்தது இங்கேதான். என் முதல் சான்று ஓர் இணையப் பக்கம். அது எடுத்தாண்டது என் இரண்டாம் சான்றை: தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதன் ஏழாம் தொகுதியில் தோடர் பகுதியைத் திறந்தால் திரும்பத் திரும்ப மானிடவியலாளர் ரிவர்ஸ் வருகிறார். என் மூன்றாம் சான்றும் அவரே. ரிவர்ஸோ 1901–02இல் சில மாதங்கள் தங்கி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு கேட்டு எழுதியவர். ஆக, மூன்று சான்றும் ஒரே ஆள்! அந்த மணமுறை இருபதாம் நூற்றாண்டிலேயே தேய்ந்துவிட்டது. என் ‘மணக்கிறார்கள்’ மட்டும் நூறாண்டு பிந்தி நின்றது. இப்போதெல்லாம் பழைய நூலிலிருந்து எடுக்கும் வினைமுற்றை இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டங்கள் போதும்: பார்த்தவர், ஆண்டு, பேசிய மொழி, எடுத்த இடம். பழைய நூல்களை ஸ்கேன் செய்த பக்கமாகவே படியுங்கள். கணினி எழுத்தாக மாற்றிய பிரதியில் தோடச் சொற்கள் சிதைந்து கிடக்கும்.

கடைசியாக, சொன்னவருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ரிவர்ஸுக்குச் செய்தி சொன்ன ஒருவர் நோயில் விழுந்தார். இன்னொருவர் மனைவியை இழந்தார். ரகசியங்களை அந்நியனிடம் சொன்னதால் தெய்வம் சினந்தது என்று குறிசொல்லிகள் கூறியதாக ரிவர்ஸே எழுதியிருக்கிறார். இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற விலக்கு இருந்தும் அவர் வம்சாவளிகளைத் திரட்டினார். அச்சில் இருக்கிறது என்பதற்காக அவை அனைத்தையும் நான் எடுத்தெழுதுவதில்லை.

பின்சேர்க்கை: ‘தோடர்’, அவர்கள் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’ இரண்டும் வெளியார் வழங்கும் சொற்கள் என்று ஊட்டி வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். தங்களை அவர்கள் ‘ஓல்’ என்கிறார்கள். அந்த ‘ல்’ ஒலி தமிழ் எழுத்துக்குள் அடங்காது. நோட்டில் ஐந்தாவது கட்டமும் போட்டுவிட்டேன்: யார் வைத்த பெயர்?