ஹாங்காங்கில் பிறந்தவர்களும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும்: எங்கே தவறு நடக்கிறது?

ஹாங்காங்கில் பிறந்து, பிற்பாடு பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் பலர், "சிக்கல் வந்தால் தூதரகம் பார்த்துக்கொள்ளும்" என்று நம்பி ஊருக்குப் போகிறார்கள். சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1996இல் வந்த அதன் சட்ட விளக்கப்படி, ஹாங்காங்கிலோ சீனாவிலோ பிறந்த சீன வம்சாவளி ஹாங்காங்வாசி சீனக் குடிமகன்தான். அவர் கையிலிருக்கும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வெறும் பயண ஆவணம். அதை வைத்து அங்கே தூதரகப் பாதுகாப்பு கேட்க முடியாது.

இதை மாற்ற, ஹாங்காங் குடிவரவுத் துறையிடம் 'என் குடியுரிமை மாறிவிட்டது' என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் தூதரகத்தில் பெயர் பதிந்தால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. வெளிநாட்டிலிருக்கும் குடிமக்களுக்கான அந்தப் பதிவு முறையையே பிரிட்டன் 2013இல் நிறுத்திவிட்டது. அப்படியே இருந்தாலும், ஏற்றுக்கொள்ள வேண்டியது சீனத் தரப்புதானே? ஆனால் அறிவிப்பு ஏற்கப்பட்டால் சீனக் குடியுரிமை போய்விடும், ஹாங்காங் பாஸ்போர்ட்டும் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

அப்புறம், பாஸ்போர்ட்டின் உள்ளே குடியுரிமை வரியைப் படியுங்கள். 'பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்' (ஹாங்காங்வாசிகளுக்கு பிரிட்டன் கொடுத்த தனி வகை அந்தஸ்து, முழுக் குடியுரிமை அல்ல) என்று இருந்தால் அதைக் காட்டி இந்த அறிவிப்பைக் கொடுக்க முடியாது. 2021 ஜனவரி 31 முதல் சீனா அதைப் பயண ஆவணமாகக்கூட ஏற்பதில்லை. 1990 பிரிட்டிஷ் சட்டப்படி ஹாங்காங்கின் 50,000 குடும்பத் தலைவர்களுக்கு ஒதுக்கிய முழுக் குடியுரிமையையும் சீனா ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது எல்லைக் கவுண்டர். ஹாங்காங்கிலிருந்து சீனாவுக்குள் நுழையும் லோ வூ சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. பையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் இருக்கிறது, சீனக் குடிமக்களான ஹாங்காங்வாசிகள் உள்ளே வர சீனா கொடுக்கும் 'ஊர் திரும்பும் அட்டை'யும் இருக்கிறது. அட்டைக்கு விசா வேண்டாம், சீக்கிரம் போய்விடலாம் என்று அதையே நீட்டுகிறோம். அந்த நொடியில் சீனக் குடிமகனாக உள்ளே போகிறோம். கைதானால் பிரிட்டிஷ் அதிகாரியைச் சந்திக்க விடாமல் போகலாம்.

பழைய கதைதான் இது. அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பிறந்த சீனர்கள் சீனாவின் அமோய் (இன்றைய ஷியாமென்) துறைமுகத்தில் பிரிட்டிஷ் பாதுகாப்பு கேட்டபோது, சீன உடையில் இருந்தால் கிடையாது என்று 1868இல் பிரிட்டிஷ் தூதர் அல்காக் விதி போட்டார். அன்று உடை, இன்று நீட்டுகிற ஆவணம்.

கிளம்பும் முன் பாஸ்போர்ட் நகலையும், எந்த ஆவணத்தைக் காட்டி உள்ளே போகப்போகிறீர்கள் என்பதையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.