புகைக்கூட்டுக் கரிக்கு ஒரு நார்மூட்டை

இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால், அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது, ஒரு சாக்கில் தேங்காய் நாரைத் திணித்து இரண்டு முனையிலும் கயிறு கட்டுங்கள். ஒருவர் புகைக்கூட்டின் மேலே, ஒருவர் அடுப்படியில் நின்று மூட்டையைப் புகைக்கூட்டுக்குள் மாற்றி மாற்றி இழுத்தால் கரி உதிர்ந்துவிடும். மூட்டை சிக்கினாலும் எதிர்ப்பக்கம் இழுத்து எடுத்துவிடலாம். அடுப்பின் மேல் ஈரச்சாக்கு விரித்தால் கரி பறக்காது.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் விறகு எரிப்பவர்கள் அதிகம். சரியாகக் காயாத விறகின் புகை, மேலே போகப்போகக் குளிர்ந்து சுவரில் தார் மாதிரி படியும். காய்ந்திருக்கும்போது கரி பொலபொலவென்று உதிரும். மழை ஈரம் ஏறினால் அப்பிக்கொள்ளும்.

பளபளவென்று இறுகிப்போன படிவுக்கு இது உதவாது. அதை விட்டுவைத்தால் தீப்பிடிக்கும், விவரம் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அப்புறம், ஆஸ்பெஸ்டாஸ் குழாய் என்றால் உரசவே வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.