கால் கட்டைவிரல் ஆபரேஷன்: தையல் பிரித்தால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை

போன மாதம் செவ்வாய்பேட்டையில் தெரிந்த பெண் ஒருத்தியைப் பார்த்தேன். இடது காலில் கட்டு, அதே காலில் சாதாரண ரப்பர் செருப்பு, கையில் நிறைந்த காய்கறிப் பை. "டீச்சர், முந்தாநாள்தான் தையல் பிரிச்சாங்க. இப்ப வலியே இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆபரேஷன் ஆகி 16 நாள்தான் ஆகியிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. 6 வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டுதான் நடந்தேன்.

எனக்கு முதலில் வலது காலிலும் 4 வருடம் கழித்து இடது காலிலும் ஆபரேஷன் ஆனது. இரண்டையும் செய்தவர் ஒரே டாக்டர். இன்று இடது விரல் நேராக இருக்கிறது, வலது விரல் சாய்ந்திருக்கிறது. கட்டில் தண்ணீர் படக்கூடாது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் சொல்லியும் நம் காதில் ஏறாத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

எலும்பு வளர்ந்திருக்கிறது, செதுக்கினால் போதும் என்று நினைப்பது

கட்டைவிரல் சாய்ந்து அதன் அடி மூட்டு புடைத்துக்கொள்வதை டாக்டர்கள் பனியன் (bunion) என்பார்கள், சீட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதுவார்கள். நம் பக்கத்தில் "எலும்பு வளர்ந்துடுச்சு" என்போம். உண்மையில் பெரும்பாலும் புதிதாக எதுவும் வளர்வதில்லை. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்தில் இருக்கும் நீள எலும்பு அடுத்த காலின் பக்கம் விலகிப்போகிறது, கட்டைவிரல் எதிர்ப்பக்கமாக இரண்டாவது விரலை நோக்கிச் சாய்கிறது. நடுவில் இருக்கும் மூட்டு புடைத்துத் தெரிகிறது. அதனால்தான் ஆபரேஷனில் பெரும்பாலும் அந்த எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிறார்கள். எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். படுத்து எடுத்தால் சாய்வு குறைவாகத் தெரியும். விரலிடுக்கில் வைக்கும் சிலிகான் கட்டை வலியைக் குறைக்கலாம், எலும்பை நிமிர்த்தாது.

அசிங்கமாக இருக்கிறது என்று தேதி வாங்குவது

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அம்மா தன் பாதத்தை என்னிடம் காட்டினார். என்னுடையதைவிடப் பெரிய புடைப்பு. ஆனால் திறந்த செருப்பில் வலி இல்லை. மூடிய ஷூ போட்டு மலைச்சரிவில் இறங்கும்போது மட்டும்தான் வலித்தது. சரிவில் பாதம் முன்னால் தள்ளப்பட்டு விரல்கள் ஷூ முனையில் நெரிகின்றன. முன்பக்கம் அகலமான ஷூ வாங்கச் சொன்னேன். 3 வருடமாக அதிலேயே வேலைக்குப் போய்வருகிறார்.

அகலமான, மிருதுவான செருப்பில் சில மாதம் நடந்து பார்த்த பிறகும் வலி தினசரி வேலையைக் கெடுக்கிறதா? அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசுங்கள். செய்துகொண்ட பிறகும் விரல் சற்று இறுகிப்போகலாம், ஓரத்தில் மரத்துப்போகலாம், வருடங்கள் கழித்துத் திரும்பவும் சாயலாம். கூர்முனைச் செருப்பு போடுவதற்காக யாரும் இதைச் செய்துகொள்ள வேண்டாம்.

கௌட்டை மறப்பது

ஒரே ராத்திரியில் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால், அது கௌட்டா, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதமா என்று முதலில் பாருங்கள்.

தையல் பிரித்ததும் நடப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. என் மேல் பாதி, "தையல் பிரிச்சாச்சா? அப்புறமென்ன, நடக்க வேண்டியதுதானே" என்று கேட்ட சொந்தக்காரர்கள் மேல் பாதி.

தையல் இருப்பது தோலில். தோல் ஏறக்குறைய 2 வாரத்தில் கூடிவிடும். வெட்டிய எலும்பு ஒன்றுசேர 6 வாரமாவது வேண்டும், பலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை எலும்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சின்ன ஸ்க்ரூதான். மூன்றாவது வாரத்தில் வலி குறைந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. வலி இல்லை என்பதால் ஆறிவிட்டது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. நாம் ஒவ்வொரு அடி எடுக்கும்போதும் கடைசியில் தரையை உந்துவது கட்டைவிரல் பக்கம்தான், அந்த உந்தல் நேராக வெட்டிய இடத்தில் போய் விழுகிறது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அழகில்லாத, அடிப்பாகம் வளையாத ஷூ அந்த உந்தலைத் தடுக்கத்தான்.

19ஆம் நாள், ஏற்காட்டில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று கிளம்பினேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், நானும் அந்த ஷூவைக் கழற்றினேன். 3 மணி நேரம் வெறுங்காலோடு நின்று வளையல் எடுத்துக் கொடுத்தேன், கலந்த சாதம் பரிமாறினேன். "அண்ணி, உட்காருங்க" என்று நாத்தனார் இரண்டு முறை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. அன்று ராத்திரி கால் பனம்பழம் போல வீங்கியிருந்தது.

6 வார எக்ஸ்ரேயில் வெட்டிய முனை நகர்ந்திருந்தது. டாக்டர் திட்டவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அதற்குமேல் 2 மாதம் அதே ஷூ, சம்பளமில்லாத லீவு. எலும்பு ஒருவழியாகக் கூடியது, ஆனால் சாய்வாகக் கூடியது. இப்போது கட்டைவிரல் தாங்க வேண்டிய பாரம் இரண்டாவது விரலின் அடியில் விழுகிறது. தொடர்ந்து இரண்டு பீரியட் நின்றால் அங்கே எரிகிறது.

எப்போது, எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பது ஆபரேஷனின் வகையைப் பொறுத்தது. சிலவற்றில் அந்த ஷூவோடு குதிகாலில் முதல் நாளிலிருந்தே நடக்க விடுவார்கள். பாதத்தின் நடுப்பக்க மூட்டை இணைத்துவிடும் வகையில் பல வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்வதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாளில் நடந்தார் என்று கேட்காதீர்கள். உங்கள் எலும்பில் என்ன செய்தார்கள், எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டுக்குள் ஷூவைக் கழற்றுவது

பூஜை அறைக்கும் சமையலறைக்கும் எலும்பு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளாது. அந்த ஷூவைச் சுத்தமாகத் துடைத்து வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

மெட்டி

ஆபரேஷனுக்கு முன்பே கழற்றுங்கள். வீக்கம் வடியும்வரை போடாதீர்கள்.

சுகர்

கட்டுக்குள் வராமல் தேதி வாங்காதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

முகூர்த்தம் பார்த்து, வீட்டைப் பார்க்காமல் விடுவது

இரண்டாவது முறை, ஏப்ரலில் பரீட்சை முடிந்த மறுவாரம் தேதி வாங்கினேன். கீழ்வீட்டில் கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட், குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி, சமையலுக்கு ஆள் எல்லாம் முன்னாலேயே தயார். முதல் 2 வாரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்தே இருந்தேன். வலது காலென்றால் 6 வாரத்துக்காவது கார் ஓட்டும் பேச்சே வேண்டாம், பிரேக் அந்தக் காலில்தான். ஆறாவது மாதத்திலும் சாயங்காலம் சற்று வீங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, காய்ச்சலோடு கட்டு நனைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விரலை அசைக்காமலே விடுவது

டாக்டர் சொன்ன நாளிலிருந்து பயிற்சி செய்யாவிட்டால் நேரான விரல் கிடைக்கும், மடங்காது.

அன்று அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். காலைத் தூக்கி இரண்டு தலையணை மேல் வைத்துவிட்டு ஷூ எங்கே என்று கேட்டேன். பீரோ மேல் பாலிதீன் கவரோடு இருந்தது. இறக்கி, பிரித்து, காலில் மாட்டிவிட்டு வந்தேன்.