எண்ணெயை நிறுத்தியும் ஈரலில் கொழுப்பு ஏன்?

ஸ்கேன் அறிக்கையில் "ஈரலில் கொழுப்பு" என்று வந்துவிட்டால், மலையகத்தில் பல வீடுகளில் முதலில் நிறுத்துவது பொரியலையும் தேங்காய்ச் சம்பலையும்தான். கொழுந்து மலைக்குக் கொண்டுபோகும் பிளேன்டீயில் சீனி அப்படியே இருக்கும். பெரும் தவறு இதுதான்.

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸைத் தசையும் மூளையும் பங்கிட்டுக்கொள்ளும். அளவுக்கு மீறிய ஃபிரக்டோஸோ பெரும்பாலும் ஈரலையே சேர்கிறது. அங்கே மரபணுக்களின் வேலையே மாறுகிறது. ஈரலுக்குள் சர்க்கரைகள் பெருகுவதை உணரும் சிஎச்ஆர்இபிபி என்ற புரதம் 2001இல் அடையாளம் காணப்பட்டது. அது உயிரணுவின் கருவுக்குள் சென்று, கொழுப்பமிலம் தயாரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இன்சுலின் உயரும்போது எஸ்ஆர்இபிபி-1சி என்ற இன்னொரு புரதமும் அதே வேலைக்குத் துணைசேர்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலே ஈரல் கொழுப்பை உண்டாக்குவது இப்படித்தான்.

கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தால் கெடுதியில்லை என்பார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். குடலில் பிரிந்தபின் சீனிக்கும் அதற்கும் ஈரலில் வேறுபாடு கிடையாது. இதற்காகக் கொய்யாவையும் பப்பாசியையும் ஒதுக்க வேண்டாம். முழுப்பழத்தின் நார்ச்சத்து சர்க்கரையை மெதுவாகவே உள்ளே விடும்.

வெறும்வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைவதும் தவறு. ஃபிரக்டோஸ் இரத்தக் குளுக்கோஸை அதிகம் உயர்த்தாது. ஆகவே அந்தப் பரிசோதனை ஈரலின் நிலையைச் சொல்லாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "எங்கள் பரம்பரையே இப்படி" என்று கைவிட்டுவிடுவது. பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் ஒரு வகை ஈரல் கொழுப்பைக் கூட்டும் என்பது 2008 முதல் தெரிந்ததே. ஆனால் பிறவியில் வந்த மரபணு வேறு, அது இன்று எவ்வளவு மும்முரமாக வேலைசெய்கிறது என்பது வேறு. சீனி தொடுவது இரண்டாவதை. அதைக் குறைக்க முடியும். உடற்பருமனுள்ள சிறுவர்களின் உணவில் ஃபிரக்டோஸைக் குறைத்து, அதே கலோரிக்கு மாவுச்சத்தைக் கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. 9 நாட்களிலேயே அவர்களின் ஈரல் கொழுப்பு குறைந்திருந்தது.

கோப்பைக்கு 3 தேக்கரண்டி, நாளைக்கு 4 கோப்பை என்றால் ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல் வகுத்த உச்ச வரம்பு தேநீரிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் கேட்கும் சோடாவும் பிஸ்கட்டும் வருகின்றன. 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நல்லது என்கிறது அதே அமைப்பு. கோப்பைக்கு ஒரு கரண்டியாக்கினால், தேநீரளவில் அதற்குள் வந்துவிடலாம்.